செயப்பாட்டு வினை

களியக்காவிளைச் சந்தைக்கு எதிரே
வாழைக்குலை லாரிகள் உறுமி நிற்கும் இடத்தில்
ஒரு குடையைக் கட்டி மேசை போட்டிருக்கிறேன்.
இடது கைப்பக்கம் தமிழ்த்தாள், வலது பக்கம் மலையாளத்தாள்.
உயர்திருவுக்கும் மாண்புமிகுவுக்கும் ஒரே கூலி.
எந்த நாற்காலிக்கு எந்தப் பட்டம் ஒட்டும்,
எதை விட்டுவிட்டால் மனு திரும்பி வரும்,
எல்லாம் எனக்குத் தெரியும்.
ஆளின் பெயர் தெரியாவிட்டால் பரவாயில்லை.

பதில்களும் வாசிக்க என்னிடமே வரும்.
பொழியூர் லூசியானின் வள்ளத்துக்கு எஞ்சின்:
நிராகரிக்கப்பட்டது.
ஊரம்பு பங்கஜாட்சியின் விதவைப் பென்ஷன்:
நிறுத்திவைக்கப்பட்டது.
"ஆரு சாரே நிறுத்தினது?"
தாளைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள்.
முத்திரை இருக்கும். தேதி இருக்கும்.
ஆள் இருக்கமாட்டான்.
இருபத்தாறு வருடத்தில்
நான்தான் நிறுத்தினேன் என்று
எந்தப் பக்கத்திலிருந்தும் ஒரு தாள் வந்ததில்லை.

சாலையை மூடிய அந்த மாதம்
ரெத்தினபாயைக் காரில் வைத்துக்கொண்டு
இஞ்சிவிளைத் தடுப்பில் மூன்று மணி நேரம் நின்றேன்.
வாரம் இருமுறை ரத்தம் கழுவ
நெய்யாற்றின்கரை போகிறவள்.
கையில் மனு இருந்தது, நானே எழுதியது,
இரண்டு மொழியிலும் பிழை கிடையாது.
காவலர் நல்ல மனிதர், குடிக்கத் தண்ணீர் தந்தார்.
"அனுமதிக்கப்படவில்லை" என்றார்,
வேறு யாரோ அவர் வாய்க்குள் உட்கார்ந்து சொன்னதுபோல.

அவள் கண்ணாடியில் நெற்றியைச் சாய்த்து
"கர்த்தாவே" என்றாள்.
அவ்வளவுதான். அதற்கு மேல் மூச்சு இல்லை.
எனக்குப் பின்னால் நின்ற மீன்வண்டிக்காரன் நிமிர்ந்தான்.
தடுப்புக்கு அப்புறம் நின்ற நர்ஸும் நிமிர்ந்தாள்.
இரு பக்கமும் ஒரே உச்சரிப்பில் செல்லும் சொல்,
பாஸ் கேட்காமல் போய்விட்டது.

அடக்கத்தன்று போதகர் வாசித்த வசனத்தில்
எடுத்தது யார் என்று எழுதியிருந்தது.
எல்லோரும் அழுதார்கள்.
வெட்கமில்லாமல் சொல்கிறேன், எனக்கு ஒரு நிம்மதி.
ஒரு வாக்கியத்திலாவது ஆள் இருக்கிறார்,
சட்டையைப் பிடித்துக் கேட்க.

கேட்டேன். இன்னும் கேட்கிறேன்.
பள்ளியில் கருத்தா இரண்டு என்று படித்தோம்:
ஏவுகிறவன், இயற்றுகிறவன்.
அரசன் கட்டிய கோயில். தச்சன் கட்டிய கோயில்.
கோயில் ஒன்றுதான்.
ஒருவன் விரலை நீட்டினான்,
மற்றவனுக்கு விரல் நசுங்கியது.
நீர் இதில் எந்தக் கருத்தா?
ஏவினவர் மட்டும்தான் என்றால்
உமக்கும் ஒரு மாண்புமிகு போட்டு
உறைக்குள் வைத்து ஒட்டிவிடுவேன்.
ஆனால் உம்முடைய வீட்டுத் தொழில் எனக்குத் தெரியுமே.
இழைப்புளி, மரத்தூள், நகக்கண்ணில் ஏறிய சிராய்.
கடைசியிலும் மரமும் ஆணியும்தானே.
அன்றைக்குச் சொல்லும்,
தடுப்பின் எந்தப் பக்கம் நின்றீர்?

நேற்று என் பெயருக்கே ஒரு தபால்.
தங்கள் மனு பரிசீலிக்கப்பட்டு
முடித்துவைக்கப்பட்டது.
அவளை அடக்கி ஒன்பது மாதம் கழித்து.
தாளின் பின்பக்கம் வெறுமையாக இருந்தது,
நல்ல தாள், கனமான தாள்.
திருப்பிப் போட்டு
கர்த்தாவே என்று எழுதி
ஒரு காற்புள்ளி வைத்தேன்.
வினை வரவில்லை.

பேனாவை மூடுவதற்குள்
பங்கஜாட்சி வந்து நிழலில் ஒதுங்கினாள்,
அதே பென்ஷன், அதே பிளாஸ்டிக் பை.
வேறு தாள் எடுக்கக் கை போகவில்லை.
அந்தக் காற்புள்ளிக்குக் கீழேயே
இவளுடைய பணத்தை நிறுத்தியது யார்
என்று முதல் வரியை எழுதினேன்.
முழுவதும் வாசித்துக் காட்டினேன்.
தலையை ஆட்டினாள்.
இதற்கு ஸ்டாம்பு ஒட்டவேண்டுமா என்று மட்டும் கேட்டாள்.